எஃப்10 அழுத்தினால் எல்லாம் ஆகிவிடுமா?

கேள்வி இது: சென்னை தம்பு செட்டித் தெருவில் 14 பேர் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். ரிச்சி தெருவில் ஒரு பழைய டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வர் வாங்கியிருக்கிறார்கள். டாலியும், ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் ஸ்கேன் கோப்புகளும் அதில் இருக்க வேண்டும். "எஃப்10 அழுத்துங்க சார், எல்லாம் உள்ளேயே இருக்கு, சிடிகூட வேணாம்" என்று விற்றவர் சொல்லி அனுப்பிவிட்டார். அழுத்தினால் வரிசையாக மெனு வருகிறது. எதை முதலில் செய்வது? திருவொற்றியூரில் இருக்கும் வீட்டிலிருந்தே இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்கள் மேசைக்கு வந்திருப்பது ஒரு பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர்.

பெரியது உங்களுக்குத் தெரியும். ஸியான் சிப், ராம், டிஸ்க் எல்லாம் அதனுடையது. சின்னது மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஐடிராக், உங்கள் ஆர்730-ல் இருப்பது ஐடிராக்8. அதற்குத் தனி சிப், தனி நினைவகம், தனி ஐபி முகவரி, தனி பாஸ்வேர்டு. சர்வரை அணைத்தாலும் அது அணையாது, பிளக் செருகியிருக்கும்வரை விழித்திருக்கும். எஃப்10 அழுத்தினால் வருகிற லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் இந்தச் சின்னவனோடு குடியிருக்கிற மென்பொருள். அது டிஸ்க்கில் இல்லை. எல்லா டிஸ்க்கையும் உருவி மேசையில் வைத்துவிட்டு எஃப்10 அழுத்திப் பாருங்கள், மெனு அப்படியே வரும்.

முன்பெல்லாம் சர்வரோடு ஒரு சிடியோ டிவிடியோ வரும். ஹெச்பியில் அதற்கு ஸ்மார்ட்ஸ்டார்ட் என்று பெயர். சிடி தொலைந்துபோனால் ரெய்டு கார்டின் (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தங்கும்படி கட்டுவது ரெய்டு) டிரைவர் தேடி அலைவதே ஒரு நாள் வேலை. டெல் 2009-ல் வந்த 11-ஆம் தலைமுறை சர்வர்களில் அதை போர்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. ஹெச்பி 2012-ல் வந்த ஜென்8 முதல் அதையே இன்டெலிஜென்ட் புரொவிஷனிங் என்ற பெயரில் செய்தது. அங்கேயும் பட்டன் எஃப்10-தான், அங்கே சின்னக் கம்ப்யூட்டரின் பெயர் ஐஎல்ஓ. ஆக விற்றவர் சொன்ன "சிடி வேணாம்" என்பது டிரைவர்களுக்குப் பொருந்தும். விண்டோஸோ லினக்ஸோ உள்ளே கிடையாது, அதை நீங்கள்தான் யுஎஸ்பியில் கொண்டுவர வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மெனுவில் எதையும் தொடுவதற்கு முன்னால் பழைய சொந்தக்காரரை வெளியே அனுப்புங்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோனால் முதலில் பூட்டை மாற்றுவோம் இல்லையா, அதுபோல. நான் ஒரு முறை திறந்து பார்த்த பழைய சர்வர் ஒன்றில், ஃபேன் பழுதானால் மெயில் போக வேண்டிய முகவரி வேறு ஊரில் இருந்த ஏதோ ஒரு கம்பெனியினுடையது. டிஸ்க்கைத் துடைத்துத்தான் விற்றிருந்தார்கள். ஆனால் ஐடிராக் டிஸ்க்கில் இல்லையே, அதனால் அவர்களுடைய யூசர், பாஸ்வேர்டு, நெட்வொர்க் விவரம் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சர்வரை ஆன் செய்து டெல் லோகோ வரும்போது எஃப்2. உள்ளே ஐடிராக் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அது முடிந்ததும் ஐடிராக்கின் முகவரி 192.168.0.120 ஆகவும், யூசர் ரூட் ஆகவும், பாஸ்வேர்டு கால்வின் ஆகவும் மாறிவிடும். இந்த ரூட்-கால்வின் ஜோடி உலகத்துக்கே தெரியும், எனவே அடுத்த நிமிடமே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். உங்கள் பிராட்பேண்ட் ரௌட்டர் 192.168.1 வரிசையில் முகவரி கொடுப்பதாக இருந்தால் அந்த 0.120 உங்களுக்கு எட்டாது. எஃப்2 பக்கத்திலேயே ஐடிராக்குக்கு உங்கள் வரிசையில் ஒரு நிலையான முகவரி கொடுத்து, அதை ஒரு காகிதத்தில் எழுதி சர்வரின் தலையில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை ஒட்ட வேண்டாம். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

அதே எஃப்2-ல் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வருடக்கணக்கில் கோடவுனில் கிடந்த சர்வரில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்திருக்கும், தேதி எங்கேயோ போயிருக்கும். இது சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் தேதி தவறாக இருந்தால் ஃபர்ம்வேர் (பாகங்களுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கோப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் நிராகரித்துவிடும். காரணம் புரியாமல் நெட்வொர்க்கையும் கோப்பையும் சந்தேகப்பட்டுக்கொண்டே அரை நாள் போகும். அந்தப் பேட்டரி சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இப்போது லைசென்ஸ். பழைய சர்வர் வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஐடிராக்கில் எக்ஸ்பிரஸ், என்டர்பிரைஸ் என்று படிகள் உண்டு. எக்ஸ்பிரஸ் என்றால் வெப் பக்கம் வரும், லாக் பார்க்கலாம், சர்வரை ஆன், ஆஃப் செய்யலாம். திரையை அப்படியே தூரத்திலிருந்து பார்ப்பதும், வீட்டில் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் முழுப் பிரதி) அங்கே செருகியதுபோல் காட்டுவதும் என்டர்பிரைஸில்தான். பின்பக்கம் ஐடிராக் என்று தனியாக இருக்கும் போர்ட்டுக்கும் என்டர்பிரைஸ் வேண்டும். இல்லையென்றால் ஐடிராக் சாதாரண நெட்வொர்க் போர்ட் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும். லைசென்ஸ் அந்த சர்வரின் சர்வீஸ் டேக்கோடு (பெட்டிக்கு டெல் கொடுத்த தனி அடையாளம்) கட்டப்பட்டது, இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துப் போட முடியாது. வெப் பக்கத்தில் லைசென்ஸ் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்கிற உங்கள் ஆசை எவ்வளவு நிறைவேறும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்தான் என்றால், விற்றவரிடம் இன்னும் பேச்சு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபர்ம்வேர். எஃப்10 மெனுவில் ஃபர்ம்வேர் அப்டேட் என்று ஒரு வரி இருக்கிறது, அதை அழுத்தினால் நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். எஃப்10 திரை நெட்டுக்குப் போவது ஐடிராக் போர்ட் வழியாக அல்ல, சர்வரின் சாதாரண நெட்வொர்க் போர்ட் வழியாக. கேபிளை ஐடிராக் போர்ட்டில் மட்டும் செருகிவிட்டு "நெட்வொர்க் இல்லை என்கிறது" என்று போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இன்னொரு கேபிள் செருகுங்கள், பிறகு எஃப்10-ன் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த கார்டைத் தேர்ந்தெடுத்து அதற்கும் ஒரு முகவரி கொடுங்கள்.

இருந்தாலும் பழைய பெட்டிக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. உங்கள் சர்வரின் 7 எழுத்து சர்வீஸ் டேக்கை டெல் தளத்தில் போட்டால் அதற்கான ஃபர்ம்வேர் பட்டியல் வரும். வாரன்டி முடிந்த பெட்டிக்கும் தருவார்கள். (ஹெச்பியில் 2014 முதல் சர்வீஸ் பேக்கை இறக்க வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ கேட்கிறார்கள். பழைய சர்வர் வாங்கப் போகும் சின்ன அலுவலகங்களுக்கு நான் டெல்லையே சொல்வதற்கு இது பெரிய காரணம்.) விண்டோஸுக்கென்று கொடுத்திருக்கும் இஎக்ஸ்இ கோப்பை இறக்கி, ஐடிராக் வெப் பக்கத்தில் அப்டேட் பகுதியில் அப்படியே ஏற்றுங்கள். நீங்கள் லினக்ஸ் போடப் போவதாக இருந்தாலும் இந்த இஎக்ஸ்இ-தான். கோப்பைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வது ஐடிராக்கின் வேலை, விண்டோஸுக்கு அதில் பங்கே இல்லை.

முதலில் ஐடிராக்கும் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலரும் சேர்ந்த ஒரே கோப்பு, அது முடிந்து மீண்டும் எழுந்ததும் பயாஸ் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), அதற்கப்புறம் ரெய்டு கார்டு, கடைசியில் நெட்வொர்க் கார்டு. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் மற்றவற்றை ஏற்றிக் கொடுக்கும் கை ஐடிராக்குடையது. ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போக மறுத்தால் நடுவில் ஒரு பதிப்பில் இறங்கி ஏறுங்கள். இவ்வளவும் யூபிஎஸ் இருக்கும்போது மட்டும். ஏதாவது கோளாறானால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப அதே பக்கத்தில் ரோல்பேக் இருக்கிறது.

"ஓடுகிற சர்வரை ஏன் நோண்ட வேண்டும்" என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 2.52.52.52-க்கு முந்தைய ஐடிராக்7, 8 பதிப்புகளில், பாஸ்வேர்டே இல்லாமல் நெட்வொர்க்கிலிருந்து உள்ளே புகுந்து கட்டளை ஓட்ட முடிகிற ஓட்டை 2018-ல் வெளியே வந்தது. ஹெச்பியின் ஐஎல்ஓ4 கதை இன்னும் கேவலம். 2.53-க்கு முந்தைய பதிப்பில் ஒரு கோரிக்கையோடு 'ஏ' என்ற எழுத்தை 29 முறை சேர்த்து அனுப்பினால் போதும், கதவு திறந்துகொள்ளும். அது 2017. இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கைமாறினால் பெரிய கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றும் செய்யாது. அதற்கு நடப்பது தெரியவே தெரியாது.

அடுத்து டிஸ்க். சர்வரோடு வந்த பழைய டிஸ்க்கில் அலுவலகக் கணக்கை வைக்காதீர்கள், பேக்கப்புக்கோ சோதனைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். 14 பேர் அலுவலகத்தின் டாலி டேட்டா சில ஜிபி-தான் இருக்கும். இடத்தை அடைப்பது ஸ்கேன் செய்த பேப்பர்கள். இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டு 1 (ஒன்றின் பிரதி மற்றொன்று) ஆகப் போட்டு அதில் ஓஎஸ்ஸும் டாலியும், நான்கு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 10 (ஜோடி ஜோடியாகப் பிரதி) ஆகப் போட்டு அதில் கோப்புகள். ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு இடம் மட்டும் பாதுகாப்புக்கு) போட்டால் அதே நான்கு டிஸ்க்கில் 12 டிபி கிடைக்கும், ரெய்டு 10-ல் 8 டிபி-தான். உங்கள் கணக்குப்பிள்ளை 12 பக்கம்தான் கை காட்டுவார். ஒரு டிஸ்க் போனபின் புதியதைச் செருகி அது நிரம்பி முடிகிற அந்த நீண்ட மணிநேரங்களில், ஒரே வயசான இன்னொரு டிஸ்க்கும் போனால் ரெய்டு 5-ல் எல்லாமே போய்விடும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு முடிவு எடுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. தண்டையார்பேட்டை பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் அலுவலகம். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனது. டேட்டா தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. திரும்ப விண்டோஸ் போட எஃப்10 வழியாக ஓஎஸ் டிப்ளாய்மென்ட் போனேன். முதல் திரையிலேயே அது கேட்கும்: ரெய்டை முதலில் அமைக்கவா, நேராக ஓஎஸ்ஸுக்குப் போகவா? நான் "எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்" என்று ரெய்டுக்குள் போனேன். அந்தத் திரை பார்க்கச் சாதுவாக இருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். நடுவில் ஒரு எச்சரிக்கை வந்தது, படித்தேன் என்றுதான் நினைத்தேன். கார்டில் இருந்த எல்லா விர்ச்சுவல் டிஸ்க்கையும் (ரெய்டு கட்டிய டிஸ்க் தொகுப்பு) கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டிக் கொடுத்தது. அதன் வேலை அதுதான், அது சொல்லிவிட்டுத்தான் செய்தது. முந்தைய வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப் ஒரு வெளி டிஸ்க்கில் இருந்ததால் ஐந்து நாள் எல்ஆர் (லாரி ரசீது) பதிவுகளை மட்டும் மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஓஎஸ் மட்டும் போடுகிற நாளில் டேட்டா டிஸ்க்குகளை ஒரு அங்குலம் வெளியே இழுத்து வைத்துவிட்டுத்தான் எஃப்10 தொடுகிறேன். சர்வர் அணைந்திருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து இழுப்பதும், பிறகு அதே இடத்தில் செருகுவதும் ஆபத்தில்லை. ஓடும்போது இழுக்காதீர்கள்.

புதிதாகப் போடும் உங்களுக்கு இந்தப் பயம் இல்லை, தாராளமாக ரெய்டுத் திரைக்குள் போகலாம். இரண்டு விஷயம் மட்டும். பூட் முறையை யுஇஎஃப்ஐ என்று இப்போதே வைத்துவிடுங்கள். பழைய பயாஸ் முறையில் விண்டோஸால் 2 டிபி-க்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்திப் பூட் செய்ய முடியாது, ஓஎஸ் போட்ட பிறகு மாற்றுவது தலைவலி. இன்னொன்று, ரெய்டு கார்டின் பேட்டரி. பெர்க் எச்730 போன்ற கார்டில் 1 ஜிபி கேஷ் (டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இருக்கிறது, கரண்ட் போனால் அதில் இருப்பதைக் காப்பாற்ற ஒரு பேட்டரியும் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டால் கார்டு தானாகவே கேஷை நம்பாமல் நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். டேட்டா பத்திரம்தான், ஆனால் டாலி ஊர்ந்து போகும், காரணம் ஒருவருக்கும் தெரியாது. ஐடிராக் பக்கத்தில் ஸ்டோரேஜ் பகுதியில் பேட்டரி நிலை இருக்கும். செத்திருந்தால் புதியது வாங்கிப் போடுங்கள். பேட்டரி இல்லாமலே கேஷைக் கட்டாயப்படுத்தும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஓஎஸ் போடும் பகுதி எளிது. எந்த விண்டோஸ் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால், அதற்கான டிரைவர்களை எடுத்து ஓஇஎம்டிஆர்வி என்ற பெயரில் ஒரு தற்காலிக டிரைவாக வைக்கும். விண்டோஸ் நிறுவும்போது ரெய்டு கார்டைக் காணோம் என்றால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அந்த டிரைவ் 18 மணி நேரம்தான் இருக்கும், அதுவரை ஃபர்ம்வேர் அப்டேட் செய்ய விடாது. ஃபர்ம்வேரை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் போடப் போகும் பதிப்பு பட்டியலில் இல்லையென்றால் "வேறு ஓஎஸ்" என்று தேர்ந்தெடுத்து மேலே போகலாம். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பட்டியலில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், அதன் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸோ, ஒரே பெட்டியில் பல சர்வர் ஓட்ட உதவும் பிராக்ஸ்மாக்ஸோ போடுவதாக இருந்தால் இந்தச் சடங்கே வேண்டாம். ரெய்டை மட்டும் கட்டிவிட்டு, எஃப்11 அழுத்தி யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யுங்கள், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

எஃப்10 மெனுவில் பிளாட்ஃபார்ம் ரெஸ்டோர் என்று ஒன்று இருக்கும், அதில் சர்வர் ப்ரொஃபைலை பேக்கப் எடுக்கலாம் என்று சொல்லும். என்டர்பிரைஸ் லைசென்ஸ் இருந்தால் நெட்வொர்க்கில் ஒரு ஷேர் ஃபோல்டருக்கு எடுத்து வையுங்கள், மதர்போர்டு மாற்றும் நாளில் கைகொடுக்கும். ஆனால் அதில் இருப்பது பயாஸ், ரெய்டு, ஐடிராக் அமைப்புகளும் ஃபர்ம்வேரும் மட்டுமே. உங்கள் டாலி அதில் ஒரு பைட் கூட இல்லை. "சர்வர் பேக்கப் இருக்கு சார்" என்று நிம்மதியாக இருந்த ஒரு அலுவலகத்தில் அந்த பேக்கப்பின் அளவைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. டேட்டா பேக்கப் வேறு வேலை, அதைத் தனியாகச் செய்ய வேண்டும், ஒரு பிரதி ஜார்ஜ் டவுனுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இனி நம் ஊர் சமாச்சாரம். கரண்ட் போய், வந்து, மறுபடி போய் வருகிற கதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் விழுந்தபின் கரண்ட் வந்தவுடன் அது எழுந்திருக்க முயலும், பாதி பூட்டில் மறுபடி விழும். எஃப்2-ல் சிஸ்டம் செக்யூரிட்டி பக்கத்தில் ஏசி பவர் ரெகவரி என்று ஒரு வரி இருக்கிறது. அதை "முன்பு இருந்த நிலை" என்று வைத்து, அதன் கீழே இருக்கும் தாமதத்தை நீங்களே எண் கொடுக்கும்படி மாற்றி 240 வினாடி போடுங்கள். அதற்கு மேல் போட விடாது. கரண்ட் நான்கு நிமிடம் நின்று நிலைத்த பிறகுதான் சர்வர் எழும்.

அப்புறம் கடல் காற்று. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ராம் காலில் பச்சை படிவதைப் பார்த்திருக்கிறேன். தம்பு செட்டித் தெரு கொஞ்சம் உள்ளே இருக்கிறது, ஆனாலும் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். இதைத் தெரிந்துகொள்ள லைஃப்சைக்கிள் லாக் உதவும். எஃப்10-லும் பார்க்கலாம், வெப் பக்கத்திலும் பார்க்கலாம். டிஸ்க், ஃபேன், ராம், பவர் சப்ளை எல்லாம் எப்போது என்ன சொல்லியது என்று நேரத்தோடு எழுதி வைத்திருக்கும், விண்டோஸ் அழிந்தாலும் இது அழியாது. ராம் பற்றி எழுதும்போது எந்த ஸ்லாட் என்று டிம் ஏ3, டிம் பி1 என்று பெயரோடு சொல்லும். ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரே ஸ்லாட்டில் சரிசெய்யக்கூடிய பிழை என்று வாராவாரம் வந்துகொண்டிருந்தது. புது ராம் வாங்கச் சொல்லுவதற்கு முன் அதைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகினேன். அத்தோடு நின்றது. மாதம் ஒரு முறை அந்த லாகைப் படியுங்கள், பத்து நிமிட வேலை.

வெப்பமும் அப்படித்தான். இந்த வகை சர்வர் 35 டிகிரி வரை உள்ளே வரும் காற்றைத் தொடர்ந்து தாங்கும். சாயங்காலம் ஏசியை அணைத்து ஷட்டரை இழுத்துவிட்டுப் போனால் மே மாத அறை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வெப்பநிலையின் வரலாற்றை ஐடிராக் வரைபடமாகக் காட்டும், அதை முதலாளிக்குக் காட்டினால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பணம் வரும். அதே இடத்தில் இப்போது எத்தனை வாட் இழுக்கிறது என்பதும் இருக்கிறது. யூபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் 750-ஐப் பார்த்துப் பயப்படாமல் இந்த எண்ணைக் கொண்டு கணக்குப் போடுங்கள். 150 வாட் காட்டினால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108. தரைத்தளமாக இருந்தால் சர்வரை இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வட சென்னையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்று மறந்திருக்க மாட்டீர்கள். நிறைய டிஸ்க் போட்ட ஆர்730 30 கிலோ பக்கம் வரும், அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது.

வீட்டிலிருந்து பார்ப்பதற்கு வருவோம். முடியும். ஆனால் ரௌட்டரில் ஐடிராக்கின் போர்ட்டைத் திறந்துவிட்டு நேராக வெளியே காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன ஓட்டைகளைத் தேடி இணையத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபிஎம்ஐ என்ற பழைய நிர்வாக நெறிமுறை ஒன்று ஐடிராக்கில் இருக்கிறது. அதன் 2.0 பதிப்பின் வடிவமைப்பே, யூசர் பெயரைச் சொல்லிக் கேட்கிறவனுக்குப் பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவமான ஹாஷைத் தூக்கிக் கொடுத்துவிடும், அவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக உடைக்கலாம். நெட்வொர்க் வழியான ஐபிஎம்ஐ ஆஃப் ஆகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி விபிஎன், அதாவது வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிப்பாதை. வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ, உங்களுக்குக் கை வருவது எதுவோ அது. நம் ஊர் பிராட்பேண்டில் பொது ஐபி கிடைக்காத இணைப்பு நிறைய, அங்கே டெயில்ஸ்கேல் போன்றது எளிது. இதில் எல்லோரும் செய்யும் பிழை, அந்த விபிஎன்னை அதே சர்வரில் ஓடும் விண்டோஸில் போடுவது. யோசித்துப் பாருங்கள்: ஐடிராக் உங்களுக்கு எப்போது தேவைப்படும்? விண்டோஸ் எழாத ராத்திரியில்தான். விபிஎன்னும் விண்டோஸோடு படுத்திருந்தால் ஐடிராக் மட்டும் விழித்திருந்து என்ன பயன்? ஒரு ராஸ்பெர்ரி பையோ, மூலையில் கிடக்கும் பழைய மினி பிசியோ எடுத்து அதில் விபிஎன் போடுங்கள். அதையும், ரௌட்டரையும், ஸ்விட்சையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள். என்டர்பிரைஸ் லைசென்ஸ் இருந்தால் விர்ச்சுவல் கன்சோல் அமைப்பில் ஜாவாவை மாற்றி எச்டிஎம்எல்5 வையுங்கள், இப்போதைய பிரவுசரில் ஜாவா வழி வேலைக்கு ஆகாது.

கடைசியாக மெயில் எச்சரிக்கை. இது இல்லாமல் ரெய்டு போடுவதில் பாதிப் பயன் இல்லை. ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆரஞ்சு விளக்கு எரியும், அது மூலையில் இருப்பதால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், ஆறு மாதம் கழித்து இரண்டாவது போகும்போதுதான் தெரியும். ஐடிராக்கின் அலர்ட் பக்கத்தில் எச்சரிக்கையை ஆன் செய்து, ஸ்டோரேஜ், பவர் சப்ளை, ஃபேன், வெப்பம் இவற்றுக்கு மட்டும் மெயில் டிக் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் டிக் செய்தால் ஒரு வாரத்தில் அந்த மெயில்களைத் திறப்பதையே விட்டுவிடுவீர்கள். ஐடிராக்குக்குத் தனி டிஎன்எஸ் முகவரி கொடுக்க மறக்காதீர்கள், மெயில் சர்வரின் பெயரை அது தானாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கத்தில் சோதனை மெயில் அனுப்ப ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி மெயில் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, பின்னால் இருக்கும் இரண்டு பவர் கேபிளில் ஒன்றை உருவிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். மற்றது யூபிஎஸ்ஸில் இருக்கிறது, சர்வர் நிற்காது. பஸ் திருவொற்றியூர் தேரடிக்குப் போய்ச் சேருவதற்குள் போனில் மெயில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் வீட்டிலிருந்தபடியே விபிஎன்னில் நுழைந்து லைஃப்சைக்கிள் லாகைத் திறந்து பாருங்கள். அங்கே பவர் சப்ளை போனது எழுதியிருந்து மெயில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு மெயில் அமைப்பில். லாகிலேயே இல்லையென்றால் நீங்கள் உருவியது மானிட்டர் கேபிள்.